ஆற்றுத் திருவிழா வரைக்கும் கட்டிய கயிறு

நான் பேரூராட்சியில் பில் கலெக்டர். கடலூரை ஒட்டிய ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். வீட்டு வரிக்கும் தண்ணீர் வரிக்கும் வாசல் வாசலாக நின்றே பாதி ஆயுசு போய்விட்டது. என் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், வீட்டுக்காரர் அந்த நிமிஷமே வெளியூர் போய்விடுவார். அவர் இருமுவது மட்டும் உள்ளேயிருந்து கேட்கும். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது, ஆனாலும் படுவேன். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பையன் வேலைக்குப் போகாமல் பகலெல்லாம் படுத்திருக்கிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால்தான் பேரூராட்சியில் போதைத் தடுப்புக் குழு என்று ஒன்றைப் போட்டபோது என்னையும் சேர்த்தார்கள். என் வீட்டிலேயே அப்படி ஒருவன் படுத்திருந்தான்.

மச்சான். என் மனைவியின் தம்பி. அவர்களுடைய அம்மா இறந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தலை துவட்டியதும் சோறு போட்டதும் திட்டியதும் என் மனைவிதான். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "என் தம்பியும் கூட வருவான், சம்மதமா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவள் அவள். வளர்ந்தபிறகு அவன் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சுற்றிலும் மாணவர்கள் தங்கும் லாட்ஜுகள். உடைந்த போனுக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் பைக்கில் கடலூர் வரும் வழியில் லாரிக்கு ஒதுங்கப் போய் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கால் சரியாகிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை நிறுத்தியதும், எழுதாமல் கொடுப்பவன் ஒருவன் கிடைத்தான். கடை வேலை போயிற்று. என் மனைவி சிதம்பரம் போய் அவனைக் கையோடு கூட்டி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் படுக்க வைத்தாள்.

குழுவின் கதைக்கு வருகிறேன். மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குப் பின்னால் சாக்கடை அள்ளப் போன எங்கள் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஊசி குத்தியது. காலி மாத்திரை அட்டைகள் கூடை நிறைய வந்தன. அதன்பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். சாராயம் என்றால் நாற்றத்தில் தெரியும், கஞ்சா என்றால் புகையில் தெரியும். இது வலி மாத்திரை, வாசனையே கிடையாது. பையன் சாதுவாக உட்கார்ந்திருப்பான், தலை மட்டும் தொங்கும். அந்த வருஷம் ஊரில் இளவயசுச் சாவு அடுத்தடுத்து விழுந்தது. எல்லா வீட்டிலும் மாரடைப்பு என்றே சொன்னார்கள். நாங்களும் மாலை வாங்கிக்கொண்டு போய், "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு வந்தோம்.

பேரூராட்சி சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். பேரணி நடத்தினோம். வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நடக்கவிட்டு, நாங்கள் மட்டும் தொப்பி போட்டுக்கொண்டோம். கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். மருந்துக் கடைகளில் கேமரா வைக்கச் சொன்னோம், வைத்தார்கள். அரிசி ஆலைக்குப் பூட்டுப் போட்டோம், சுவரைத் தாண்டிப் போனார்கள். பேரணி முடிந்து வீட்டுக்கு வந்தால் முன்னறையில் மச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "இன்னா மாமா, ஒழிச்சிட்டீங்களா?" என்று கேட்பான். அடிக்கக் கை வரும். அவன் அக்கா நடுவில் வந்து நிற்பாள்.

எங்கள் பேரூராட்சித் தலைவர் ஒரு அம்மாள். படிப்பு கொஞ்சம்தான், ஆனால் ஊரை வைத்து ஊரை மடக்கத் தெரிந்தவர். அவர்தான் கயிறு யோசனையைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த நினைப்பவன் கோயிலுக்குப் போவான். பொங்கல் வரைக்கும், இல்லை தீபாவளி வரைக்கும் என்று சாமி முன்னால் கெடு சொல்லுவான். பூசாரி மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிவிடுவார். அந்தக் கெடு முடியும்வரை தொட மாட்டான். போலீசுக்குப் பயப்படாதவன், பொண்டாட்டியை மதிக்காதவன்கூட அந்தக் கயிற்றுக்குப் பயப்படுவான். "கயிறு கட்டிருக்கேன்பா" என்று கையைத் தூக்கிக் காட்டினால் கல்யாண வீட்டில்கூட ஒருத்தரும் வற்புறுத்த மாட்டார்கள். கெடு முடிந்ததும் கோயிலிலோ ஆற்றிலோ கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே நேராகக் கடைக்குப் போவான், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பான். அது எங்கள் ஊரில் காலங்காலமாகச் சிரித்துக்கொள்ளும் விஷயம்.

"மாத்திரை போடறவனுக்கும் கட்டுவோம். நாமளே வேன் வெச்சிக் கூட்டிட்டுப் போவோம். வீட்டுக்கு வீடு போய்ப் பேசறவங்க இருக்காங்கல்ல" என்று தலைவரம்மா என்னைப் பார்த்தார். கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்திருந்த டாக்டர் மட்டும் கையைத் தூக்கினார். இளவயசுக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "கயிறு கட்டுங்க மேடம், நல்லதுதான். நானும் மருந்து தரேன். ஆனா கயிறு அவுக்கற நாள்தான் ஆபத்து. ரெண்டு மூணு மாசம் விட்டவனுக்கு உடம்பு பழைய அளவத் தாங்காது. முன்ன போட்ட அதே அளவு போட்டான்னா மூச்சு நின்னு செத்..." அவரை முடிக்க விடவில்லை. "டாக்டர், நல்ல காரியம் தொடங்கறப்ப சாவப் பத்திப் பேசாதீங்க. அபசகுனம்" என்றார் தலைவரம்மா. பக்கத்தில் இருந்த வார்டு கவுன்சிலர்கள் தலையாட்டினார்கள். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய் டாக்டர் சொன்னதை என் மனைவியிடம் சொன்னேன். "மொதல்ல வாயைக் கழுவுங்க" என்றாள்.

மச்சான் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனே கேட்டான். "மாமா, எனக்கும் ஒரு சீட்டு வையுங்க. என் ஃபிரெண்டு ஒருத்தன் சிதம்பரத்துல இருக்கான், அவனையும் ஏத்திக்கலாமா?" அந்த நண்பன் அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸில் பரிமாறுகிறவன். மச்சானும் அவனும் ஒன்றாகத்தான் இந்தப் பள்ளத்தில் விழுந்தார்கள். வேனில் ஏறும்போது, "நான் கிறிஸ்டியன், எனக்குக் கட்டுவாங்களா?" என்று தயங்கினான். "கை இருக்குல்ல? ஏறு" என்றார் தலைவரம்மா. வேனே சிரித்தது. ஐப்பசி மாசம், மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஆற்றுத் திருவிழா வரைக்கும் என்று கெடு சொன்னார்கள். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரைக்குச் சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் வருமே, அந்தத் திருவிழா. அதைத் தாண்டி ஒரு கெடு சொல்ல அவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் சில வாரங்கள் நரகம். உடம்பெல்லாம் முறுக்குகிறது என்று மச்சான் கத்துவான், வாந்தி எடுப்பான், குளிரும் என்பான், வேர்க்கும். தூக்கமே கிடையாது. டாக்டர் கொடுத்த மருந்தை என் மனைவி கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். "அக்கா, ஒரே ஒரு நாள் தூங்கினாப் போதும்க்கா" என்று அழுவான். பிறகு கார்த்திகையில் ஒருநாள் காலை, தோசை இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டான். அவள் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து ஊற்றிப் போட்டாள்.

அந்த மார்கழி முழுவதும் எங்கள் வீடு வீடாக இருந்தது. முன்னறையில் ஒரு மேசை போட்டு போன் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தான். வரி கேட்டுப் போனால் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்களெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "மாமா, ஒங்க பாக்கியெல்லாம் வரிசையில நிக்குது, வந்து புடிங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பான். கோலம் போட்டுவிட்டு என் மனைவி தம்பியை எழுப்பிக் கூட்டி வந்து காட்டுவாள். அவன் குறை சொல்லுவான். அவள் கோலமாவு டப்பாவை ஓங்குவாள். அவன் செத்த நாளைக்கூட என்னால் சொல்ல முடிகிறது, அந்த மார்கழியைத்தான் என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை.

திருவிழா அன்று எனக்கு ஆற்றங்கரையில் வேலை. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா, பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று பார்ப்பது. மணல் தெரியாத அளவுக்கு ஜனம். சாமிகள் வரிசையாக இறங்கின, சுருளிக்கிழங்குக் கடைகளில் நெருக்கியடித்தார்கள். மச்சானும் நண்பனும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றை அவிழ்த்து விட்டார்கள். தலைவரம்மா கரையில் நின்று கைதட்டினார். என் மனைவி தம்பி நெற்றியில் திருநீறு பூசி, ஈரத்தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள். நண்பன் அவன் அம்மாவோடு சிதம்பரம் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டான். நான் மனைவியைத் தனியாக அழைத்து, "இன்னிக்கி அவன விட்டு நகராத" என்றேன். "டாக்டர் சொன்னதையே புடிச்சிக்கிட்டுத் தொங்கறீங்க" என்றாலும் அவள் நகரவில்லை. கிழங்கு வாங்கித் தருகிறேன் என்று அவன்தான் கூட்டத்துக்குள் போனான். திரும்பி வர நேரமாயிற்று. கையில் கிழங்கு இருந்தது, காலில் செருப்பு இல்லை. "கூட்டத்துல செருப்பு பூடிச்சிக்கா, தேடிக்கினு இருந்தேன்" என்றான். அவள் நம்பினாள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். இரண்டு பேரும் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். "வந்ததும் படுத்துட்டான். நல்லா கொறட்ட வுட்டுத் தூங்கறான்ங்க. எத்தன நாளாச்சி இவன் இப்பிடித் தூங்கி! நீங்க வரும்போது மொபெட்ட வாசல்ல கொண்டாந்து உறுமாதீங்க." அவள் தொலைக்காட்சியை அணைத்திருந்தாள். ஜன்னலைச் சாத்தியிருந்தாள். தெருவில் விளையாடிய பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொல்லியிருந்தாள். நானும் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் குறட்டை இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அவன் மல்லாந்து கிடந்தான், உதடு நீலமாக இருந்தது. என் மனைவி அவன் காலடியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். உஸ் என்று எனக்குச் சைகை காட்டினாள்.

எதிர்வீட்டு ஆட்டோவில் போட்டுச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இருந்தார். இந்த மாத்திரையின் வேகத்தை முறிக்கிற ஊசி ஒன்று உண்டு, அதை அவர் கடலூரில் கேட்டு வாங்கித் தயாராக வைத்திருந்தார். கூட்டத்தில் பேச விடாவிட்டாலும் வாங்கி வைத்திருந்தார். போட்டார், நெஞ்சை அழுத்தினார், முகமூடியை வைத்து மூச்சுக் கொடுத்தார். நெடுநேரம் நிறுத்தவே இல்லை. பிறகு நிறுத்தினார். என்னை வெளியே அழைத்துப் போய், "அது தூக்கம் இல்லைங்க. மூச்சு அடைபடறப்ப அந்த மாதிரி சத்தம் வரும். கேக்கறவங்களுக்குக் கொறட்ட மாதிரிதான் இருக்கும்" என்றார். அந்தச் சமயத்தில் தட்டி எழுப்பி, எழுந்திருக்காவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டது பிறகு. என் மனைவிக்கு மட்டும் அது எப்படியோ அப்போதே தெரிந்துவிட்டது. "தூங்கறான்னு நெனச்சேன்" என்றாள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பு வரும்வரை, காரியம் முடியும்வரை, அதற்குப் பிறகும் அந்த ஒரு வார்த்தைதான். வந்த சொந்தக்காரர்களிடம் என் அண்ணன் மாரடைப்பு என்று சொல்லிவைத்தார். நான் மறுக்கவில்லை, எனக்குப் பேசத் தெம்பில்லை.

தலைவரம்மா துக்கம் விசாரிக்க வந்தபோது நான் மரியாதையில்லாமல் நடந்துகொண்டேன். என் வேலைக்கே மேலே இருப்பவர் என்பதையும் பார்க்கவில்லை. "சாவுன்னு சொன்னா அபசகுனம்னு அன்னிக்கி டாக்டர் வாயப் பொத்துனீங்களே, இப்ப வந்து பாருங்க!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவர் உள்ளே போய் என் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்று பகல் முழுவதும் எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்குப் பூசாரியையும் வரச் சொல்லியிருந்தார். டாக்டரைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "அன்னிக்கி நான் நிறுத்தனத மொத்தமா சொல்லுங்க. சாவுன்ற வார்த்தயும் சேத்தே சொல்லுங்க" என்றார். அதன்பிறகு கயிறு கட்டுகிற அன்றைக்கே வீட்டு ஆள் ஒருவரும் கூட வர வேண்டும் என்றாகிவிட்டது. அவிழ்க்கிற நாளில் தனியாக இருக்கக் கூடாது என்று பூசாரியே சாமி முன்னால் சத்தியம் வாங்குகிறார். அந்த ஊசி நர்ஸம்மாக்களிடமும் இருக்கிறது. குப்பை வண்டி ஒலிபெருக்கியில், மக்கும் குப்பை மக்காத குப்பைக்கு நடுவே, மாத்திரை போட்டவன் குறட்டை விட்டால் தூங்க விடாதீர்கள், தட்டி எழுப்புங்கள், எழுந்திருக்காவிட்டால் நூற்றியெட்டைக் கூப்பிடுங்கள் என்று வருகிறது. பேரூராட்சியே போதைக்குப் பாடம் எடுக்கிறது என்று டீக்கடையில் பேசினார்கள். நான் இரண்டு பேருடன் சண்டை போட்டேன். இதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் ஒருவன் போனான். வாடகை அறையில் தனியாக இருந்தவன், தட்டி எழுப்ப ஆளில்லை. வண்டி எங்கள் தெருவுக்கு வரும்போது மட்டும் அந்த அறிவிப்பை நிறுத்திவிடச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். என் மனைவியோ வண்டி வரும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் குப்பையைக் கொட்டினாள்.

மச்சான் செத்த மறுவாரம் அந்தச் சிதம்பரத்துப் பையன் திரும்பவும் கயிறு கட்டிக்கொண்டான். இந்தத் தடவை ஆடிப்பெருக்கு வரைக்கும். காரியத்துக்கு வந்தபோது எங்கள் முகத்தைப் பார்க்கவே கூசினான். அன்றைக்கு அம்மா மட்டும் கூட வந்திராவிட்டால் தானும் போயிருப்பேன் என்று என்னிடம் சொன்னான். பிறகு வரவே இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் அவன் நின்றான். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"கொள்ளிடத்துல வுட்டுட்டு நேரா பஸ் ஏறிட்டேன்க்கா" என்றான், என்னைப் பார்க்காமல் அவளிடம். "அம்மா வேலக்கிப் போயிருக்கு, வர ராத்திரி ஆவும். ரூம்ல தனியா இருக்க பயமா இருக்கு. இங்க படுத்துக்கட்டுமா?"

"இன்னாடா போட்ட?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் போடலக்கா. போட்டுருவேன்னுதான் வந்தேன்."

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். முன்னறையில், தம்பி படுத்த அதே இடத்தில் பாயை விரித்தாள். அந்த இடத்தில் அதுவரை யாரும் படுத்ததில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாள். தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தாள். நான் ஆபீசுக்குத் திரும்பவில்லை. வரி பாக்கிக்குப் பயந்து ஒளிந்திருப்பவன்போல என் வீட்டிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரியெல்லாம் தூங்காமல் வந்திருப்பான் போலிருக்கிறது, படுத்ததும் தூங்கிவிட்டான். கொஞ்சநேரத்தில் லேசாகக் குறட்டை வந்தது. சாதாரணக் குறட்டைதான். அவள் பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். மறுபடி குறட்டை வந்ததும் மறுபடி உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், மூக்கருகே விரலை வைத்தாள். "விடேன், தூங்கட்டும்" என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவன் தூக்கக் கலக்கத்தில் எரிச்சலாகக் கையைத் தட்டிவிட்டான்.

"உயிரோடதான்க்கா இருக்கேன், உடுக்கா."

அவள் கை அவன் தோளிலேயே நின்றது. தம்பி போனபிறகு அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே அவனை மறுபடியும் உலுக்கினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுடா" என்றாள்.